பெங்களூர் ரோஸ் வெங்காயம், குடகு மிளகு, உங்கள் ஐடி வேலை: அண்டை நாட்டு வர்த்தக விதிகளை எழுதும்போது யாரிடம் கேட்கிறார்கள்?

பெங்களூரில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? ஐந்து? பத்து? இந்த ஊரின் பெயரையே தாங்கிய ஒரு வெங்காயம் இருக்கிறது, தெரியுமா? சின்னதாக, கொஞ்சம் தட்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும். காரம் தூக்கலாக இருக்கும். 2015-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பெயர் ‘பெங்களூர் ரோஸ்’. அதை ஒரு நாளாவது உங்கள் வீட்டு சாம்பாரில் போட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் இருக்காது. சிக்கபள்ளாபூர், கோலார், பெங்களூரு ஊரகம் ஆகிய மாவட்டங்களில் விளையும் இந்த வெங்காயத்துக்கு உள்ளூரில் பெரிய சந்தை இல்லை. சென்னைத் துறைமுகம் வழியாக மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை என்று கப்பல் ஏறிவிடுகிறது. கோலாலம்பூரில் உங்கள் சித்தி வீட்டுச் சமையலறையில் இருக்கலாம். கோரமங்களாவில் உங்கள் வீட்டில் இருக்காது.

இந்த வெங்காயத்தை வைத்தே ஒரு பெரிய கேள்வியைப் புரிந்துகொள்ளலாம். அண்டை நாடுகளுடனான வர்த்தக விதிகளைத் தளர்த்துவது பற்றியும் இறுக்குவது பற்றியும் “பொதுமக்கள், தொழில்துறையினர் கருத்துத் தெரிவிக்கலாம்” என்று அரசு சொல்கிறதே, அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? நீங்கள் எழுதினால் யாராவது படிப்பார்களா? படித்தாலும், அதற்குள் முடிவு எடுத்து முடித்திருப்பார்களா?

வெங்காயத்தின் ஐந்து வருடக் கதை

2019 செப்டம்பர் 29 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. காரணம் உள்நாட்டு விலையேற்றம். டெல்லியிலும் மும்பையிலும் மக்கள் வாங்கும் பெரிய வெங்காயத்துக்கும் பெங்களூர் ரோஸுக்கும் சம்பந்தமே கிடையாது. ரோஸை நிறுத்தி வைத்தால் டெல்லியில் விலை குறையாது, ஏனென்றால் அதை அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனாலும் தடை எல்லா ரகத்துக்கும் வந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 28-ல், 9,000 டன் பெங்களூர் ரோஸை மட்டும் சென்னைத் துறைமுகம் வழியாக நவம்பர் 30 வரை அனுப்பலாம் என்று விலக்கு தந்தார்கள்.

அடுத்த வருடமும் அதே படம் மறுபடி ஓடியது. 2020 செப்டம்பர் 14 அன்று தடை. அக்டோபர் 9 அன்று பெங்களூர் ரோஸுக்கும் ஆந்திராவின் கடப்பா பக்கம் விளையும் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் தலா 10,000 டன் விலக்கு. இதுவும் சென்னை வழியாக மட்டும்தான்.

2023-ல் கொஞ்சம் விசித்திரமாகவே நடந்தது. ஆகஸ்ட் 19 அன்று எல்லா வெங்காயத்துக்கும் 40% ஏற்றுமதி வரி போட்டார்கள். செப்டம்பர் 29 அன்று, கர்நாடகத் தோட்டக்கலை ஆணையரின் சான்று இருந்தால் பெங்களூர் ரோஸுக்கு அந்த வரி இல்லை என்றார்கள். அக்டோபர் 28 அன்று டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வைத்தார்கள். இந்த முறை அறிவிக்கையிலேயே ‘பெங்களூர் ரோஸும் கிருஷ்ணாபுரமும் நீங்கலாக’ என்று எழுதியிருந்தது. அப்பாடா, ஒருவழியாகக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆறே வாரத்தில், டிசம்பர் 7 அன்று, முழுத் தடை. அந்த ‘நீங்கலாக’ காணாமல் போயிருந்தது.

தடை 2024 மே 4 அன்று நீங்கியது. கூடவே 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40% வரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. மே கடைசியில் மறுபடி பெங்களூர் ரோஸுக்கு வரிவிலக்கு. செப்டம்பர் 13 அன்று குறைந்தபட்ச விலை போய், வரி 20% ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த 20%-மும் இல்லை.

தேதிகளை இப்படி அடுக்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல முறை விலக்கு வந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தாமதமாக வந்திருக்கிறது. வெங்காயம் மூன்று, நான்கு மாதப் பயிர். அறுவடைக்குப் பிறகு ஒரு மாதம் என்பது லேசான விஷயம் இல்லை. உள்ளூரில் வாங்க ஆள் இல்லாத ஒரு பயிரை அந்த ஒரு மாதம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சிக்கபள்ளாபூர் விவசாயியிடம் கேட்டால் தெரியும். கேட்டார்களா என்பதுதான் பிரச்சினை. தடை வந்த பிறகு மனு கொடுப்பது வேறு, தடை எழுதப்படும்போது கேட்கப்படுவது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடை இருந்த 2024 ஏப்ரலில், இலங்கைக்கு 10,000 டன் வெங்காயம் அனுப்ப டிஜிஎஃப்டி தனியாக அனுமதி தந்தது. அதே மாதக் கடைசியில், வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம், பூடான், பஹ்ரைன், மொரிஷியஸ், இலங்கை ஆகிய ஆறு நாடுகளுக்கு மொத்தம் 99,150 டன் என்று அரசு கணக்குச் சொன்னது. இப்படி அனுப்பியதெல்லாம் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் என்ற ஒரே வாசல் வழியாக. அதாவது, கொழும்பு அரசு கேட்டால் கதவு திறக்கிறது. தப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவுவது நல்லதுதான். ஆனால் அரசுக்கு அரசு பேச ஒரு வழி இருக்கும்போது, அதே வெங்காயத்தை விளைவிக்கும் ஆளுக்கு மனு மட்டும்தான் வழி என்றால் ஏதோ இடிக்கிறது, இல்லையா?

சரி, யார் முடிவு எடுக்கிறார்கள்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ‘அரசு தடை போட்டது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் குறைந்தது மூன்று மேசைகள் இருக்கின்றன.

தடை, கோட்டா, குறைந்தபட்ச விலை, ‘இந்தத் துறைமுகம் வழியாக மட்டும்’ போன்ற நிபந்தனைகள் எல்லாம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் கையில் இருக்கின்றன. அதைத்தான் எல்லோரும் டிஜிஎஃப்டி என்கிறார்கள். 1992-ம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. பெங்களூரில் அதன் அலுவலகம் கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கிறது. நீங்கள் தினமும் கடந்து போகும் கட்டடமாகக்கூட இருக்கலாம். ஏற்றுமதி வரி, இறக்குமதி வரி என்றால் அது நிதி அமைச்சகம். உணவுப் பொருள் விலை ஏறுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று அழுத்தம் கொடுப்பது நுகர்வோர் விவகாரத் துறை. வெங்காய விவகாரத்தில் மூன்றுமே சேர்ந்து இயங்கின. அதனால்தான் ஒரு மேசையில் கிடைத்த விலக்கு அடுத்த மேசையில் செல்லுபடியாகவில்லை.

இதற்கு மேல் இலங்கை, வங்கதேசம், ஆசியான் நாடுகள் என்று ஒவ்வொருவருடனும் போட்ட ஒப்பந்தங்கள். நம் ஊரில் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது நிர்வாகத்தின் அதிகாரம். ஆகவே உங்கள் எம்.பி. வாக்களிக்கும் கட்டம் என்று ஒன்று வரவே வராமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவுடன் பேசிய வர்த்தக ஒப்பந்தத்துக்கான தன் தரப்பு வரைவுகளைத் தானே பொதுவில் வெளியிட்டது. அந்தப் பேச்சில் ஒரு தரப்பு என்ன கேட்கிறது என்று பெங்களூரில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. அந்தத் தரப்பு நம்முடையது இல்லை, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் என்ன மாறியது?

2025 ஜனவரி 2 அன்று, வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023-ல் 1.07ஏ, 1.07பி என்று இரண்டு பத்திகளைச் சேர்த்தார்கள். அப்போது பெரிய செய்தி ஆகவில்லை. ஆனால் முக்கியமானது. இந்தக் கொள்கையை உருவாக்கும்போதும் திருத்தும்போதும் இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர், துறை நிபுணர் உள்ளிட்ட தொடர்புடையவர்களிடம் கருத்துக் கேட்பதற்கு அந்தப் பத்திகள் சட்டபூர்வமான அடித்தளம் தருகின்றன. கருத்தை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் தெரிவிக்கவும் ஒரு வழிமுறை உண்டு.

என்னைக் கேட்டால், இரண்டாவது பாதிதான் விஷயம். கருத்துக் கேட்பது இந்தியாவில் புதிது இல்லை. 2014-லேயே ‘சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை’ என்று ஒன்று வந்தது. வரைவுச் சட்டங்களையும் விதிகளையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அது ஒரு நிர்வாக முடிவு, சட்டம் இல்லை. பின்பற்றாவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கேட்டுவிட்டு பதில் சொல்லாமல் இருப்பதும் வழக்கம். உங்கள் ஆபீஸில் வருடா வருடம் எம்ப்ளாயி சர்வே வருமே, நிரப்பிக் கொடுத்த பிறகு அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாதே, அந்த மாதிரி. ‘ஏன் ஏற்கவில்லை’ என்று எழுத வேண்டும் என்றால், குறைந்தபட்சம் ஒரு அதிகாரி உங்கள் கருத்தைப் படித்தாக வேண்டும்.

ஆனால் ஓட்டைகளும் உண்டு. முதலாவது, அசாதாரணச் சூழ்நிலையில் அரசு தானாகவே முடிவு எடுக்கலாம் என்ற உரிமையை வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, இந்தப் பத்திகள் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைக்கு உரியவை. நிதி அமைச்சகம் ஒரு மாலையில் போடும் 40% ஏற்றுமதி வரி இதற்குள் வராது. 2023 ஆகஸ்ட் மாதிரி மறுபடி நடந்தால், 1.07ஏ-வைக் காட்டி நீங்கள் எதுவும் கேட்க முடியாது.

முதல் ஓட்டை எவ்வளவு பெரியது என்பது சீக்கிரமே தெரிந்தது. 2025 மே 17 அன்று, வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழிச் சோதனைச் சாவடிகள் வழியாக வரக்கூடாது, நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும்தான் வரலாம் என்று டிஜிஎஃப்டி அறிவித்தது. உடனடி அமல். அதற்கு ஒரு மாதம் முன்பு, இந்திய நூல் தரைவழியாக வருவதை வங்கதேசம் நிறுத்தியிருந்தது. எனவே இதைப் பதிலடி என்றே எல்லோரும் படித்தார்கள். திருப்பூருக்கு இது நல்ல செய்தி. வங்கதேசத்தில் தைத்து வாங்கும் பிராண்டுகளுக்குத் தலைவலி. இரண்டு பக்கமும் முன்கூட்டி யாரும் பேசி முடிவு எடுத்த மாதிரித் தெரியவில்லை.

ஆனால் முன்கூட்டிச் சொன்னால் பதுக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. ‘முப்பது நாள் கழித்து வெங்காயத்துக்குத் தடை, உங்கள் கருத்து என்ன?’ என்று அரசு கேட்டால் என்ன நடக்கும்? அந்த முப்பது நாளில் கையிருப்பு முழுவதும் கப்பல் ஏறிவிடும். விலை இன்னும் எகிறும். கஷ்டப்படுவது பெங்களூரில் மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டும் நீங்களும்தான். ஆகவே அவசரத் தடைக்கு முன் கருத்துக் கேட்க முடியாது என்று அரசு சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் தடையை எழுதும் மாதிரியை, அமைதியான காலத்தில், எல்லோரையும் கேட்டு எழுதி வைக்கலாமே? எந்த விலை எத்தனை வாரம் நீடித்தால் தடை வரும்? எந்தெந்த ரகங்களுக்குத் தடை எப்போதுமே பொருந்தாது? ஏற்கெனவே கப்பலில் ஏறியது, துறைமுகத்தில் நிற்பது, லாரியில் வந்துகொண்டிருப்பது, இவற்றில் எதுவரை அனுமதி? 2023 டிசம்பர் அறிவிக்கையில், அறிவிக்கைக்கு முன்பே ஏற்றத் தொடங்கிய சரக்கு, சுங்கத்திடம் ஒப்படைத்துவிட்ட சரக்கு போன்ற சிலவற்றை மட்டும் விட்டார்கள். பாதி வழியில் லாரி வைத்திருந்தவர் நிலை வேறு. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது விலையேற்ற ரகசியம் எதுவும் இல்லை. அதை வருடம் முழுவதும் பேசலாம். 2023 அக்டோபரில் எழுதத் தெரிந்த ‘நீங்கலாக’ டிசம்பரில் விட்டுப்போனதற்கு, எந்தக் கோப்பிலும் அது நிரந்தரமாக உட்காரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தளர்த்தினால் எல்லோருக்கும் நல்லதா? குடகைக் கேளுங்கள்

இதுவரை படித்ததில் ‘விதிகளைத் தளர்த்து’ என்பதுதான் நல்ல கட்சி என்று தோன்றியிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு நீங்கள் போகும் அதே குடகு, சிக்கமகளூரு தோட்டங்களில் காபிச் செடிக்கு மேலே நிழல் மரத்தில் ஏறியிருக்குமே மிளகுக் கொடி, அதன் கதை நேர் எதிர்.

இந்தியா–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘தடையற்ற’ என்று பெயர் இருந்தாலும் உள்ளே தடைகள் நிறைய. இலங்கைத் தேயிலைக்கு வருடம் 1.5 கோடி கிலோ என்று வரம்பு. அதுவும் ஆரம்பத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும்தான். ஆடைகளுக்குத் தனி கோட்டா. மிளகில் வருடம் 2,500 டன் வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வந்தால், தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி 8% வரி. மற்ற நாடுகளுக்குப் பொதுவான வரி 70%. ஆசியான் ஒப்பந்தச் சலுகைக்குப் பிறகும் வியட்நாம் மிளகுக்கு 50%-ஐ ஒட்டிய வரி.

இந்த எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மிளகுக்கு, வந்த வழியைப் பொறுத்து 0, 8, 50, 70. இந்த இடைவெளி இருக்கும்போது வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, மூட்டை மாறி, ‘இலங்கையில் விளைந்தது’ என்ற சான்றோடு வந்தால் என்ன? சட்டப்படி முடியாது. மூட்டையை மாற்றினால் விளைந்த இடம் மாறிவிடாது. ஆனால் அப்படித்தான் வருகிறது என்று கர்நாடக மிளகு விவசாயிகள் வருடக்கணக்காகக் குற்றம் சாட்டினார்கள். இன்று நாட்டிலேயே அதிகம் மிளகு விளைவது கர்நாடகத்தில்தான் என்பதால் அந்தக் குரலுக்கு எடை இருந்தது. 2017 டிசம்பர் 6 அன்று, கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி செய்யக்கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை டிஜிஎஃப்டி அறிவித்தது. விவசாயிகள் சொன்னதை அரசு கேட்டது.

பிரச்சினை தீர்ந்ததா? முழுதாக இல்லை. சந்தை விலை அதைவிடக் குறைவாக இருந்தால், பில்லில் மட்டும் 500 என்று காட்டிவிட்டுப் போகலாமே என்ற சந்தேகத்தையும் அதே விவசாயிகள்தான் எழுப்பினார்கள். நிஜமாகவே மாத்தளையில் கொடி வளர்த்து மிளகு பறித்த இலங்கை விவசாயிக்கோ, செய்யாத தப்புக்குத் தண்டனை. மருந்து சரியான இடத்தில் விழவில்லை. பிரச்சினை சான்றிதழில் இருந்தது, வைத்தியம் விலையில் நடந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சுங்க விதிகள், இறக்குமதி செய்பவரே பொருள் எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்ற விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்று சொல்கின்றன. இதுதான் நோய்க்குப் பக்கத்தில் இருக்கும் மருந்து. இரண்டரை வருடத்துக்கு மேல் தாமதமாக வந்தது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரு தரப்பை மட்டும் கேட்டாலும் விதி கோணலாகிவிடும். மிளகு விவசாயியைக் கேட்டார்கள், சரி. சான்றிதழைச் சரிபார்க்கும் சுங்க அதிகாரியை, மசாலா அரைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தை, இலங்கைத் தரப்பை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தால் 500 ரூபாய் என்ற எண் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கொழும்பில் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ கோட் எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு வெங்காயமும் மிளகும் தூரத்து விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தியா–இலங்கை வர்த்தகப் பேச்சில் சரக்கைவிடப் பெரிய சர்ச்சை நீங்கள்தான்.

சரக்கோடு நிற்காமல் சேவை, முதலீடு ஆகியவற்றையும் சேர்த்து ஒரு பெரிய ஒப்பந்தம் போட 2005-ல் பேச்சு தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் ‘சீபா’. 2008 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த சார்க் உச்சி மாநாட்டின்போது கையெழுத்தாகும் என்று எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. இலங்கைத் தொழிலதிபர்கள் கடைசி நேரத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். அதே யோசனை 2016-ல் ‘எட்கா’ என்ற பெயரில் திரும்பி வந்தது. இந்த முறை முன்னணியில் நின்று எதிர்த்தவர்களில் அரசு மருத்துவ அதிகாரிகள் சங்கமும் ஐடி ஊழியர்களும் இருந்தார்கள். அவர்கள் பயம் என்ன? பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் குறைந்த சம்பளத்துக்கு ஆட்கள் வந்து குவிந்துவிடுவார்கள் என்பது.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ‘நான் ஏன் கொழும்புக்குப் போகப்போகிறேன், அங்கே சம்பளம் இதைவிடக் கம்மி ஆச்சே’ என்று நினைப்பீர்கள். அந்த வாதத்தை இலங்கையிலேயே பலர் சொன்னார்கள். ஆனால் பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு கோடிப் பேருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு நாடு, பக்கத்தில் நூற்று நாற்பது கோடி. வரைவில் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாதபோது, தெரியாத இடத்தை வதந்தி நிரப்பியது. ஐடி, கப்பல் கட்டுமானம் போன்ற குறிப்பிட்ட துறைகள் மட்டும்தான் என்று இலங்கை அரசு விளக்கம் சொன்னபோது அது யார் காதிலும் ஏறவில்லை.

2016-லிருந்து 2018 வரை 11 சுற்றுப் பேச்சு நடந்து, நின்றது. 2023 அக்டோபர் கடைசியில் 12-வது சுற்றோடு மறுபடி தொடங்கி, 2024 ஜூலையில் 14-வது சுற்று வரை போனது. 2024 டிசம்பர் 16 அன்று டெல்லி வந்த இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்கவும் பிரதமர் மோடியும் வெளியிட்ட கூட்டறிக்கையில், எட்கா பேச்சைத் தொடர்வோம் என்று இருக்கிறது. அநுரவின் கட்சியான ஜே.வி.பி., சீபாவையும் எட்காவையும் தெருவில் இறங்கி எதிர்த்த கட்சி. அரசியல் இப்படியும் திரும்பும்.

2023-24 நிதியாண்டில் இரு நாட்டுச் சரக்கு வர்த்தகம் ஏறக்குறைய 550 கோடி டாலர். அதில் இந்தியா அனுப்பியது 410 கோடி டாலருக்குச் சற்று மேல், இலங்கை அனுப்பியது 140 கோடி டாலருக்குச் சற்று மேல். இந்த இடைவெளி இருக்கும்வரை, ‘தளர்த்துவோம்’ என்று டெல்லி சொல்லும்போதெல்லாம் கொழும்பில் சந்தேகம் எழும். ஆரம்பத்திலேயே வரைவை மேசையில் வைத்து எல்லோரையும் கேட்டிருந்தால் இந்த இருபது வருடத்தில் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்பது என் கருத்து. கேட்காமல் வேகமாக முடிக்கப் பார்த்த ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை.

நீங்கள் எழுதினால் எப்படி எழுதலாம்?

வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023-க்கு முந்தைய கொள்கைகளைப் போல ஐந்து வருடக் கெடு கிடையாது. முடிவு தேதி இல்லாமல், தேவைப்படும்போது திருத்திக்கொண்டே போகிறார்கள். அதனால் கருத்து கேட்கும் சந்தர்ப்பமும் வருடம் முழுவதும் வரலாம். டிஜிஎஃப்டி தளத்தில் ‘டிரேட் நோட்டீஸ்’ பகுதியை மாதம் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும்.

‘வெங்காயத் தடை அநியாயம்’ என்று ஆயிரம் பேர் எழுதினாலும் அதிகாரிக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது வாசகம். எந்த அறிவிக்கை, எந்தப் பத்தி, எந்தச் சுங்கக் குறியீடு, அதில் எந்தச் சொல்லுக்குப் பதிலாக எந்தச் சொல் வர வேண்டும், வந்தால் யாருக்கு என்ன ஆகும், இதைத் தவறாகப் பயன்படுத்த முடியுமா, முடிந்தால் எப்படித் தடுப்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும் கருத்துகள் ரொம்பக் குறைவு. அதனால்தான் அவை கவனிக்கப்படும். பெங்களூர் ரோஸுக்குக் கிடைத்த விலக்கில் பெரிய ரகத்தை ரோஸ் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அரசுக்கு இருக்கும். தோட்டக்கலை ஆணையரின் சான்று என்ற நிபந்தனை அந்தப் பயத்துக்குப் பதில். அந்த மாதிரி ஒரு பதிலை நீங்களே எழுதிக் கொடுத்தால், ‘ஏன் ஏற்கவில்லை’ என்று காரணம் எழுதுவது அவருக்குக் கஷ்டமாகிவிடும்.

நீங்கள் ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர், சுங்கத் தரவோடு மல்லுக்கட்டுகிறவர், அண்ணனோ மாமாவோ வெங்காய மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் கையில் ஏதோ ஒரு விவரம் இருக்கும். சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும் என்ற நிபந்தனையால் ஒரு கன்டெய்னருக்கு எத்தனை நாள் கூடுகிறது என்பது டெல்லியில் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, டிராக்கிங் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியும். அனுப்பிய தேதியோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், 1.07பி பத்தியைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அடுத்த வெங்காய அறிவிக்கை என்றைக்காவது வரும். வந்ததும் விலையைப் பற்றிய தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு, அறிவிக்கையைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். ‘பெங்களூர் ரோஸ் நீங்கலாக’ இருக்கிறதா? வழியில் இருக்கும் சரக்குக்கு எந்தத் தேதி வரை அனுமதி? தடை முடியும் நாள் போட்டிருக்கிறதா, இல்லை ‘மறு உத்தரவு வரும் வரை’யா?